பாடியவர்களும் எழுதியவரும்: சி.வி. வேலுப்பிள்ளையும் மலையகக் கவிதையும்

1869-ஆம் ஆண்டு ஆபிரகாம் ஜோசப் என்பவர் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்றொரு பாட்டு நூலை அச்சிட்டார். இலங்கை மலைத்தோட்டங்களைப் பற்றி அச்சேறிய தமிழ் நூல்களில் மிகப் பழையதாக ஆய்வாளர்கள் காட்டுவது இதைத்தான். மு. நித்தியானந்தன் தமது 'கூலித் தமிழ்' நூலில் (2014) இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கும்மி என்பது உழைக்கும் பெண்கள் கைகொட்டிப் பாடும் வடிவம். ஆனால் இந்தக் கும்மி பேசுவது தோட்டத்துரைமாரின் பக்கத்தில் நின்று. கோப்பிப் பயிரின் செய்முறையும் துரைத்தனத்தின் மேன்மையும் அதில் உண்டு. கோப்பி பறித்தவர்களின் பசியும் சாவும் அதற்குள் வரவில்லை.

அதே 1869-இல்தான் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து, மலைகளைத் தேயிலை பிடித்துக்கொண்டது. அச்சடித்த கும்மி நூலகங்களுக்குள் ஒதுங்கியது. பறித்தவர்கள் பாடிய பாட்டோ அழியவில்லை. கோப்பிச் செடி மலையை விட்டுப் போன பிறகும் பல தலைமுறைக்கு அது பாட்டில் நின்றது. மலையகத்தின் கவிதை எது, அதன் கவிஞர் யார் என்ற கேள்விக்கு விடை தேடுபவர் முதலில் இந்த இரண்டு பாட்டுகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளந்தாக வேண்டும். அந்தத் தூரத்தைத் தம் வாழ்நாளில் நடந்து கடந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை.

1914 செப்டெம்பர் 14-இல் வட்டகொடைப் பக்கத்து மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்தார் சி.வி. கங்காணிக் குடும்பம். தோட்டத்தில் அது சின்ன விஷயம் அல்ல. ஆள் சேர்ப்பதும் கடன் கொடுப்பதும் கடனுக்காக ஆளைக் கட்டி வைப்பதும் பெரிய கங்காணியின் கையில் இருந்த காலம் அது. ஒரு தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால் அவருடைய கடன் முழுவதையும் குறித்த 'துண்டு' கூடவே போகும். கடனை ஏற்றுக்கொள்ளும் தோட்டத்துக்குத்தான் அவர் போகலாம். 1921-இல்தான் அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. சி.வி.க்கு அப்போது வயது ஏழு. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வெளியே, கொஞ்சம் உயரமான இடத்தில் பிறந்த பிள்ளை அவர். லயத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத படிப்பு அதனால்தான் அவருக்குக் கிடைத்தது. ஹட்டன் மெதடிஸ்ட் கல்லூரியில் படித்தார். பிறகு கொழும்பு நாலந்தாவுக்குப் போனார். ஆங்கிலம் அவருக்குச் சரளமாக வந்தது, அந்த மொழியிலேயே எழுதத் தொடங்கினார். 1934-இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது இளைஞரான சி.வி. அவரைச் சந்தித்து, தாம் எழுதிய 'விஸ்மாஜினி' என்ற கவிதை நாடகத்தைக் கொடுத்தார். தாகூரின் செல்வாக்கு அவருடைய நடையில் நெடுநாள் நீடித்தது. அது எங்கே தடையானது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

சி.வி.க்கு முன்பே ஹட்டனில் பாட்டு அரசியலுக்குள் வந்துவிட்டது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசையர் 1931-இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கி ஹட்டனை அதன் தலைமையிடமாக வைத்துக்கொண்டார். 1936-இல் ஹட்டன் தொகுதியிலிருந்தே சட்டசபைக்குப் போனார். எழுதுவதும் அச்சடிப்பதும் மேடையில் பேசுவதும் அவருக்கு ஒரே வேலை. அவர் மனைவி மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாடுவார். பாட்டைக் கேட்கக் கூடிய கூட்டம் பேச்சையும் கேட்கும். தோட்டத்துக்குள் சங்கக்காரர் காலெடுத்து வைத்தாலே அத்துமீறல் என்று வழக்குப் போட்ட காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒரு செய்தியைக் கொண்டு சேர்க்கப் பாட்டை விட விரைவான வழி வேறு இல்லை. 1940-இல் மீனாட்சி அம்மையின் பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற சிறு நூலாக வந்தன. மலையகத்தில் நூல் வெளியிட்ட முன்னோடிப் பெண் கவிஞர் அவர். இலக்கிய வரலாறுகள் அவரை நடேசையரின் துணைவியாக மட்டும் குறித்துவிட்டு நகர்வது நியாயமே இல்லை. அவருடைய பாட்டு யாரைப் பற்றியதோ அவர்களே அதைக் கேட்டார்கள், கேட்டவர்களே திருப்பிப் பாடினார்கள். சி.வி.யின் முதல் நூல்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

சி.வி. ஆசிரியராக இருந்து, அங்கிருந்து தொழிற்சங்கத்துக்கு வந்தார். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், கொட்டகலையில் குமாரவேலு, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம் என்று வென்றவர்களோடு தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளையும் வென்றார். கவிஞர் பாராளுமன்றத்துக்குள் போனார். அடுத்து நடந்தது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் ஆண்டுகளை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால்தான் அதன் வேகம் உறைக்கும். 1948-இல் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் அவர்களின் வாக்கைப் பறித்த தேர்தல் சட்டத் திருத்தம் வந்தது. 1952 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பில் இல்லை. ஏழு ஆசனங்கள் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஆண்டு காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் செய்தது. சி.வி.யும் அதில் இருந்தார்.

வாக்கு பறிபோன அந்தக் காலகட்டத்தில்தான் அவருடைய மிகப் பெயர்பெற்ற ஆங்கில நெடுங்கவிதை, 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்', நூலாக வந்தது. விடியலுக்கு முன் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) ஆள் கூப்பிடும் தப்பின் ஒலியும், மலையேறும் கொழுந்துப் பெண்களும், தேயிலைக்கு அடியில் கல்லறைகூட இல்லாமல் கிடக்கும் முன்னோரும் அதில் வருகிறார்கள். அந்தக் கவிதையின் உயிர் கடைசியாகச் சொன்னதில் இருக்கிறது. ஒரு நாட்டின் செல்வத்தை விளைவித்தவர்கள் அந்த நாட்டு மண்ணுக்குள்ளேயே கிடக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்து 'நீங்கள் இந்த நாட்டவர் இல்லை' என்று சட்டம் சொல்கிறது. செத்தவர்களைச் சாட்சிக்கு அழைத்து வாதாடுகிறது கவிதை. பாராளுமன்றத்தில் பேச முடியாமல் போனதை சி.வி. கவிதையில் பேசினார் என்றே சொல்லலாம்.

ஏன் ஆங்கிலத்தில்? இந்தக் கேள்வியை வைத்து சி.வி.யைக் குறைத்துப் பேசியவர்கள் உண்டு. தொழிலாளிக்குப் புரியாத மொழியில் தொழிலாளியைப் பற்றி எழுதி யாருக்கு என்ன பயன் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் தீர்ப்பு எழுதும் முன், யாரிடம் பேச வேண்டியிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதற்குக் கையுயர்த்தியவர்கள் ஆங்கிலத்தில் வாதிட்டவர்கள். தோட்டங்களின் உடைமை இலண்டனிலும் கொழும்பிலும் இருந்தது. லயத்தில் என்ன நடக்கிறது என்பது லயத்தில் இருப்பவருக்குத் தெரியும், அதை அவருக்குச் சொல்ல ஒரு கவிஞர் தேவையில்லை. தெரியாதவர்கள், தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டவர்கள், வெளியே இருந்தார்கள். ஆங்கிலக் கவிதை அவர்களுக்கு அனுப்பிய கடிதம்.

உலகின் இன்னொரு மூலையில் இதோடு ஒப்பிடத்தக்க ஒரு வாழ்க்கை இருக்கிறது. அமெரிக்கக் கவிஞர் பிலிப் லெவின் 1928-இல் டெட்ராய்ட் நகரில் பிறந்தார். பெற்றோர் ரஷ்யாவிலிருந்து வந்த யூதர்கள். இளம் வயதில் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளில் உடலை வருத்தி வேலை செய்தார். தம்மோடு உழைத்தவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதைக் கண்டு, அவர்களுக்காகவே எழுதுவது என்று முடிவெடுத்தார். 1995-இல் புலிட்சர் பரிசு பெற்றார், 2011-இல் அமெரிக்காவின் அரசவைக் கவிஞரானார், 2015-இல் காலமானார். லெவினும் சி.வி.யும் பாடியது உழைப்பைத்தான். ஆனால் லெவின் எழுதிய மொழி அவரோடு வேலை செய்தவர்களின் மொழி. தொழிற்சாலைத் தோழர் ஒருவர் புத்தகத்தைப் பிரித்தால் தம்மை அதில் கண்டுகொள்ள முடியும். நாடு அவரை அழைத்து மரியாதை செய்தது. சி.வி.யின் வாசகர்கள் வேறு மொழியில் இருந்தார்கள், அவரது மக்களை நாடு நாடற்றவர்கள் என்று எழுதி வைத்திருந்தது. இந்த இரண்டையும் தாண்டி எழுதியவர் சி.வி. என்பதை நினைத்தால் அவர் மீதுள்ள மதிப்பு கூடுகிறது.

கவிதையாகப் பார்த்தால் அந்த ஆங்கில நூல் முழுவதும் ஒரே தரம் அல்ல. தாகூர் வழியில் வந்த அலங்காரம் சில இடங்களில் கண்ணீரின் மேல் பட்டுத் துணியைப் போர்த்திவிடுகிறது. தொழிலாளப் பெண் ஒரு ஓவியமாக நின்றுவிடுகிறாள், வாய் திறப்பதில்லை. உரைநடையில் சி.வி. இன்னும் உறுதியாக இருக்கிறார். 1970-இல் வந்த 'பார்ன் டு லேபர்' தோட்டத்து மனிதர்களின் சித்திரங்கள் கொண்ட ஆங்கில நூல். அதில் ஆட்களுக்கு முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, கோணல் இருக்கிறது. கங்காணி வீட்டுப் பிள்ளையாக எல்லாரையும் பக்கத்திலிருந்து பார்த்த கண் அங்கே வேலை செய்கிறது.

நெடுங்கவிதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் சக்தீ அ. பால ஐயா. 'தேயிலைத் தோட்டத்திலே' என்று 1969-இல் வந்தது. சந்தம் கட்டிய, வாய்விட்டுச் சொல்லத்தக்க தமிழ். மேடைகளிலும் பள்ளி விழாக்களிலும் மலையகத்தார் மனப்பாடமாகச் சொல்வது பெரும்பாலும் பால ஐயாவின் அடிகளைத்தான். கவிதை பிறந்த வீட்டுக்குத் திரும்பி வர அத்தனை ஆண்டு பிடித்தது.

அந்த இடைவெளியில் மலையகமே மாறியிருந்தது. ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம், திருச்செந்தூரன் போன்ற ஆசிரியர்கள் ஒரு தலைமுறையைத் தட்டி எழுப்பினார்கள். தோட்டப் பிள்ளைகள் கல்லூரிக்கு வந்தார்கள். வீரகேசரியில் எஸ்.எம். கார்மேகம் தோட்டத்து எழுத்துக்கு இடம் கொடுத்தார். கண்டியிலிருந்து 'செய்தி', 'மலைமுரசு' ஆகிய இதழ்கள் வந்தன. 1965-இல் ஈழக்குமார் தொகுத்த 'குறிஞ்சிப்பூ' மலையகக் கவிஞர்களை முதன்முறையாக ஒரே நூலுக்குள் நிறுத்தியது. சி.வி.யும் சும்மா இருக்கவில்லை. வெள்ளையன் தொடங்கிய தேசிய தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து அதன் 'மாவலி' இதழை நடத்தினார். தமிழில் 'வாழ்வற்ற வாழ்வு', 'எல்லைப்புறம்', 'வீடற்றவன்' என்று நாவல்கள் எழுதினார். கடைசி நாவலான 'இனிப்பட மாட்டேன்' இன வன்செயலை மையமாகக் கொண்டது.

அந்த ஆண்டுகளின் மேல் 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் கவிந்திருந்தது. நாடற்றவர்களாகக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மிச்சம் 1,50,000 பேரின் விதி பிறகு தீர்மானிக்கப்படும் என்று எழுதினார்கள். அவர்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை. அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், தம்பி இங்கே எழுதிக் கொடுத்தார் என்று வீடுகள் பிளந்தன. தலைமன்னார் கப்பலுக்குப் போகும் புகையிரதத்தில் ஏறியவர்களை வழியனுப்ப ஹட்டன் நிலையத்தில் கூடியவர்களின் அழுகை இன்றும் மூத்தவர்களின் பேச்சில் கேட்கும். கூட்டமாகப் பாடி வந்த பாட்டுகளும் அந்தப் புகையிரதங்களில் ஏறிப் போயின. கும்மிக்கு முதலடி எடுத்துக் கொடுப்பவர் நீலகிரிக்கோ திருச்சிக்கோ போய்விட்டால், பின்பாட்டுக்காரர்கள் மட்டும் இருந்து என்ன செய்வார்கள்?

இந்த இடத்தில்தான் சி.வி. செய்த இன்னொரு வேலையைப் பார்க்க வேண்டும். 1983-இல் சென்னையில் வெளியான 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' அவருடைய தொகுப்பு. தொழிற்சங்க வேலையாகத் தோட்டம் தோட்டமாகப் போனவர் காதையும் கூடவே கொண்டுபோயிருந்தார். ஊரை விட்டு வந்த பயணம், காட்டு வழியில் விழுந்து செத்தவர்கள், ஆசை காட்டி அழைத்து வந்த கங்காணி, துரையின் கோபம், கணக்கப்பிள்ளையின் சூது, கொழுந்துக் கூடையின் பாரம், அரைநாள் கூலி மட்டும் எழுதி 'அரைப்பேர்' போட்ட நாளின் வயிற்றெரிச்சல், தாலாட்டு, ஒப்பாரி, காதல், கேலி என்று ஒன்றரை நூற்றாண்டு வாழ்க்கை அதில் இருக்கிறது. மெட்டுகள் பல திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துத் தெம்மாங்கு வழி வந்தவை. சொற்கள் இங்கே முளைத்தவை. லயம், பெரட்டு, தொரை, கங்காணி எல்லாம் பாட்டுக்குள் நுழைந்து, ஊரிலிருந்து வந்த பாட்டை இந்த மண்ணின் பாட்டாக மாற்றிவிட்டன.

அந்தப் பாடல்களில் துரைக்கு எதிரே சொல்ல முடியாத வசவு இருக்கிறது, கங்காணியின் கோட்டையும் குடையையும் நையாண்டி செய்யும் துணிவு இருக்கிறது. இதைத் தொகுத்தவர் கங்காணிக் குடும்பத்துப் பிள்ளை என்பதை மறக்கக் கூடாது. தம் சொந்த வகுப்பைக் குற்றவாளியாக நிறுத்தும் பாட்டுகளையும் மாற்றாமல், மறைக்காமல் எழுதி வைத்தார். ஆங்கிலக் கவிதையில் வாய் திறக்காமல் நின்ற பெண், இந்தத் தொகுப்பில் தாயாகவும் காதலியாகவும் கைம்பெண்ணாகவும் தன் வாயாலேயே பேசுகிறாள். அலங்காரம் இல்லை, இரக்கம் கேட்கும் தொனியும் இல்லை. பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) விட்டுவிட்டு மலையேறும் தாயின் தாலாட்டில் குழந்தைக்குச் சொல்லும் ஆறுதலும் கணக்கப்பிள்ளைக்குக் கொடுக்கும் சாபமும் ஒரே மூச்சில் வருகின்றன. சி.வி.யின் நூல்களில் எது பெரியது என்று கேட்டால் பலரும் நெடுங்கவிதையைச் சொல்வார்கள். இந்தத் தொகுப்புக்கே அந்த இடம் சேர வேண்டும். தாம் எழுதியதை விடத் தாம் கேட்டதைப் பெரிதாக மதித்த கவிஞரின் வேலை இது. அந்தப் பணிவு தமிழ் எழுத்துலகில் அடிக்கடி காணக் கிடைப்பதல்ல.

1984 நவம்பர் 19-இல் சி.வி. காலமானார். தொகுப்பு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவரைப் பற்றிய நினைவை வளர்த்தவர்களில் முதலாகச் சொல்ல வேண்டியவர் சாரல்நாடன். 'சி.வி. சில சிந்தனைகள்' எழுதினார், நடேசையரின் வரலாற்றைத் தேடி எடுத்தார், 1993-இல் 'மலையக வாய்மொழி இலக்கியம்' என்ற நூலில் சி.வி. தொடங்கிய வேலையை மேலே கொண்டுபோனார்.

சி.வி.க்குப் பிறகு வந்தவர்களிடம் ஒரு மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. எழுதுபவரும் உழைப்பவரும் ஒரே ஆளாகிறார்கள். குறிஞ்சித் தென்னவன் தோட்டத் தொழிலாளியாக வாழ்ந்தபடியே மரபுக் கவிதை எழுதினார். தலவாக்கலைப் பக்கத்துப் பெரிய மல்லிகைப்பூ தோட்டத்தின் மல்லிகை சி. குமார் கவிஞர், கதாசிரியர், ஓவியர். லயத்துக்குள்ளிருந்தே எழுதினார். 1995-இல் வந்த அவருடைய 'மாடும் வீடும்' தொகுப்பின் தலைப்பே லயத்து வாழ்க்கையின் முழுக் குற்றச்சாட்டு. 2020-இல் அவரும் போய்விட்டார். சு. முரளிதரன் 1988-இல் 'கூடைக்குள் தேசம்' என்று ஹைக்கூ தொகுப்பே கொண்டுவந்தார். கொழுந்துக் கூடையின் அவசரத்துக்குச் சின்ன வடிவம் பொருந்தியது. பெண்களின் கவிதைகளை அந்தனி ஜீவா 'குறிஞ்சிக் குயில்கள்' என்று தொகுத்தார். மீனாட்சி அம்மைக்குப் பிறகு நெடுங்காலம் அச்சில் கேட்காத பெண்குரல் அப்போது கூட்டமாகக் கேட்டது. சி.வி. பிறந்த அதே மடக்கும்பரையிலிருந்து வந்த திலகர், ஹட்டனின் மல்லியப்பு சந்தியின் பெயரையே தம் முதல் தொகுப்புக்கு வைத்தார், அந்தப் பெயரோடேயே அறியப்படுகிறார். 2015-இல் அவரும் நுவரெலியா மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றார். ஒரே தோட்டம், இரண்டு கவிஞர்கள், இரண்டு பாராளுமன்ற உறுப்பினர்கள். நடுவில் கிடப்பது குடியுரிமை மீண்டும் கைக்கு வரும் வரை கழிந்த ஐம்பத்தைந்து ஆண்டுகள். எஞ்சியிருந்தவர்களுக்கும் அதைத் தந்த சட்டம் 2003-இல்தான் வந்தது.

பாடல்களின் கதை இன்னும் முடியவில்லை. சி.வி. சொற்களைக் காப்பாற்றினார். மெட்டைக் காகிதத்தில் எழுதி வைக்க அவரிடம் வழி இல்லை. ஒப்பாரியில் எந்த இடத்தில் குரல் இழுபடும், கும்மியில் எந்த அடிக்குக் கை தட்டுவது, தெம்மாங்கில் மலைக்கு மலை எப்படிப் பதில் பாட்டு வரும் என்பது அச்சில் இல்லை. காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் தோட்டங்களில் இன்னும் ஆடப்படுகின்றன, அதனால் கூத்தின் இசைக்கு வாரிசு உண்டு. வேலைப் பாட்டுக்கும் தாலாட்டுக்கும் அப்படி ஒரு மேடை இல்லை. அவற்றை முழுதாகப் பாடத் தெரிந்தவர்கள் எண்பதைத் தாண்டிய பாட்டிமார்.

2023-இல் மலையகத் தமிழர் வருகையின் இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். சி.வி. தொகுத்த பயணப் பாடல்கள் பிறந்த பாதை அது. வழியில் செத்தவர்களுக்காக அந்தப் பாதையில் நின்று கும்பிட்டார்கள். அந்த நடையில் பாடப்பட்ட பாடல்களோடு பழைய பாடல்களையும் குரலோடு பதிந்து, சி.வி.யின் தொகுப்பைச் சரிபார்த்து, எந்தத் தோட்டத்துப் பாட்டு என்ற குறிப்போடு புதிதாகப் பதிப்பிப்பது ஒரு பல்கலைக்கழகத் தமிழ்த்துறையால் ஓரிரு ஆண்டுகளில் முடியக்கூடிய காரியம். ஹட்டனைச் சுற்றியுள்ள பாடசாலைகளின் உயர்தர மாணவர்களிடம் இன்று பதிவு செய்யும் கருவி கையிலேயே இருக்கிறது, பாடத் தெரிந்த பாட்டி அடுத்த லயத்தில் இருக்கிறார். ஆசிரியர் ஒருவர் முன்கை எடுத்தால் போதும், வேலையை இந்தத் தவணையிலேயே தொடங்கிவிடலாம்.